ரிட்டர்ன் பார்சலின் செலவு யார் தலையில்? – சிற்றூர்களில் ஆன்லைன் வியாபாரம்

பொருநைக்கரை எழுதியது:

இந்தியாவில் ஆன்லைன் வியாபாரம் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் 2007-இல் பெங்களூரில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் புத்தகம் விற்க ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கியதில் இருந்து ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் அது 2010-இல் ஆரம்பித்தது. அந்த வருடம்தான் அவர்கள் 'பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும்' என்றார்கள்.

ஏன் அதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன்னால் இணையத்தில் பணம் கட்டுவது என்பது நம்மில் பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். கிரெடிட் கார்டு இருந்தவர்கள் கொஞ்சம் பேர். இருந்தவர்களுக்கும் நடுவில் நெட் போய்விட்டால் பணம் போனதா வந்ததா என்று தெரியாது. ரயில் டிக்கெட்டை மட்டும் 2002-இல் இருந்து இணையத்தில் எடுத்துப் பழகினோம். ஆனால் அது ரயில்வே, அரசாங்கம். பணம் திரும்பி வந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. முகம் தெரியாத கடைக்காரனிடம் அந்தத் தைரியம் வருமா?

பொருளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நமக்குப் பழகிய முறைதான். தபால் துறை 1877-இலேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. பழைய வாரப் பத்திரிகைகளில் சித்த மருந்து, ஜோதிடப் புத்தகம், தையல் பயிற்சிப் புத்தகம் என்று எல்லா விளம்பரங்களின் அடியிலும் 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்' என்று ஒரு வரி இருக்கும். தபால்காரரிடம் காசைக் கொடுத்துப் பார்சலை வாங்கிய வீடுகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஆப்பில் ஆர்டர் போடுகிறார்கள்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2013-இல் அமேசான் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே வருடம் யு.பி.ஐ. வந்தது, நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2020-இல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் ஆப்பைத் தமிழிலேயே கொடுத்தன.

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துக்கு இன்று தினமும் பார்சல் வண்டி வருகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது. 'பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்பு, காசு வேண்டாம்' என்று சொல்லித்தான் நம்மை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தத் திருப்பி அனுப்பும் செலவு எங்கோ ஒருவர் மேல் விழுகிறதே, அவர் யார்? விற்கிறவர்கள், டெலிவரி செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

நல்ல இழை அண்ணா. செலவுக் கணக்கை மற்றவர்கள் சொல்வார்கள். வாங்குகிறவள் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சில் அது விட்டுப்போகும்.

தேனி மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. உள்ளாடை வாங்கப் போனால் கடையில் நிற்பவர் ஆண். சில சமயம் தெரிந்தவரின் மகன். அளவு சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கொடுத்ததை வாங்கி வந்து, பொருந்தாமல் பீரோவில் போட்டு வைத்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். நாப்கினைக் கறுப்புப் பையில் சுற்றித் தருவார்கள், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. உடம்பு பெருத்தவர்களுக்கு 'உங்க சைஸ் இல்லம்மா' என்று நாலு பேர் முன்னால் பதில் வரும். ஃபோனில் நிதானமாகப் பார்த்து, அளவைத் தேர்ந்தெடுத்து, பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ள முடிந்தது எங்களுக்குப் பெரிய விடுதலை. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் விற்கவும் செய்கிறேன். ரீசெல்லர். மீஷோ மாதிரி ஆப்களில் இருந்து படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மேலே கொஞ்சம் வைத்து விற்பதில் ஆரம்பித்தேன். இப்போது இளம்பிள்ளையில் நேராகச் சேலை எடுத்து விற்கிறேன். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். சேலையை வெளிச்சத்தில் பிடித்து வீடியோ எடுத்து, முந்தானை, ஜாக்கெட் துணி எல்லாம் காட்டி அனுப்புவேன். ரிட்டர்ன் ரொம்ப அபூர்வம். அக்கா, இந்தக் கலர் எனக்கு எடுக்குமா என்று கேட்டால் எடுக்காது என்றும் சொல்வேன்.

---

நூல்கண்டு எழுதியது:

திருப்பூரில் நைட்டி, லெக்கின்ஸ், டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். எக்ஸ்போர்ட் இல்லை, உள்நாட்டு வியாபாரம் மட்டும். கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: அந்தச் செலவு என் தலையில்தான்.

திரும்பி வருவதில் இரண்டு வகை, முதலில் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். வாங்குபவர் பார்சலையே வாங்காமல் திரும்பி வருவது ஆர்.டி.ஓ., அதாவது 'ரிட்டர்ன் டு ஆரிஜின்'. வீடு பூட்டியிருக்கும், போன் எடுக்க மாட்டார்கள், இல்லை 'நான் ஆர்டரே போடவில்லை' என்பார்கள். காசு கொடுக்காமல் போட்ட ஆர்டர்தானே, மனசு மாறினால் அவருக்கு நஷ்டமில்லை. இதற்கு சில தளங்கள் எங்களிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் சரக்கு போய்த் திரும்பி வரும் வரை அது வழியில் கிடக்கிறது. தீபாவளிக்கு அனுப்பியது தீபாவளி முடிந்து வந்தால் அதை யாருக்கு விற்பது?

இரண்டாவது, வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது. கஸ்டமர் ரிட்டர்ன். இதில்தான் அடி. நைட்டி ஒன்றில் துணி, தையல் கூலி, பை, தளத்தின் பிடித்தம் எல்லாம் போக எனக்கு நிற்பது 25 ரூபாய். ஒன்று திரும்பி வந்தால் என்னிடம் பிடிப்பது ஏறக்குறைய 150 ரூபாய். ஆறு நைட்டி விற்ற லாபம் போச்சு. திரும்பி வந்தது விற்கிற நிலையில் இருந்தால் சரி. மஞ்சள் கறையோடு வந்திருக்கிறது. துவைத்த வாசனையோடு வந்திருக்கிறது. புது நைட்டிக்குப் பதிலாக வேறு யாரோ போட்டுப் பழசான நைட்டி, எங்கள் பையிலேயே வந்திருக்கிறது.

அதனால் இப்போது பேக்கிங் மேஜைக்கு மேலே கேமராவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். லேபிளைக் காட்டி, துணியை விரித்து, மடித்து, பையில் போட்டு ஒட்டுவது வரை ஒரே ஷாட்டில் பதிவாக வேண்டும். திரும்பி வருவதைப் பிரிக்கும்போதும் அதே மாதிரி. வீடியோவில் ஒரு இடத்தில் கை மறைத்துவிட்டால் தளத்திடம் நாங்கள் கேட்கும் நஷ்ட ஈடு நிராகரிப்பு. இதற்கென்றே ஒரு பெண் வேலைக்கு இருக்கிறார். தைக்கிற வேலை இல்லை, விற்கிற வேலை இல்லை, பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கிற வேலை.

கடைசியில் என்ன செய்கிறோம்? ரிட்டர்ன் செலவை எல்லா நைட்டியின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். அதாவது வாங்கி வைத்துக்கொள்கிற நல்ல கஸ்டமர்தான் திருப்பி அனுப்புகிறவருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். விலையை ஏற்ற முடியாத அளவுக்குப் போட்டி இருக்கும்போது துணியில் கை வைக்க வேண்டி வருகிறது. ஜி.எஸ்.எம். (துணியின் எடை) குறைந்த துணி, ஓரத்தில் ஒற்றைத் தையல். அதனால் ரிட்டர்ன் இன்னும் கூடுகிறது.

---

கம்பம் காற்று எழுதியது:

நூல்கண்டு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவன் ஏன் திருப்பி அனுப்புகிறான் என்பதையும் பாருங்கள். படத்தில் கெட்டியான காட்டன், வந்தது கொசுவலை. படத்தில் கருநீலம், வந்தது ஊதா. எக்ஸ்.எல். என்று ஒரு கடையில் வாங்கினால் ஒரு அளவு, இன்னொரு கடையில் வேறு அளவு. ரிட்டர்ன் வசதி இல்லையென்றால் எங்களை ஏமாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த உரிமையில் கை வைக்க விடக்கூடாது.

---

நூல்கண்டு எழுதியது:

கம்பம் தம்பி, உரிமையில் கை வைக்கச் சொல்லவில்லை. சேதமான பொருள், படத்தில் காட்டியதற்கு மாறான பொருள், போலிச் சரக்கு, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருள் – இவற்றை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளே சொல்கின்றன. அது சரியான சட்டம். நான் சொல்வது அதைத் தாண்டி வருவதை. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்புவது, மூன்று அளவு வாங்கி இரண்டைத் திருப்புவது. 'அளவு பொருந்தவில்லை' என்ற பட்டனை அழுத்தினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தளத்துக்கு அவர் கஸ்டமர், விட மாட்டார்கள். நாங்கள் போனால் வேறொருவர் வருவார்.

---

பார்சல் வண்டி எழுதியது:

நானும் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டத்தில் ஒரு ஹப்பில் (பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் கிடங்கு) டெலிவரி வேலை பார்த்தேன். இப்போது வேறு வேலை.

கம்பெனியின் சட்டை போட்டிருப்போம், ஆனால் கம்பெனி ஆள் கிடையாது. நடுவில் ஒரு காண்ட்ராக்டர். வண்டி நம்முடையது, பெட்ரோல் நம்முடையது, போனும் நம்முடையது. கொண்டுபோய்க் கொடுத்த பார்சலுக்குக் காசு. ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்க்கும் குறைவு. டவுனுக்குள் ஒரே தெருவில் ஐந்து பார்சல் இருந்தால் பரவாயில்லை. கிராமத்து ரூட்டில் ஒரு பார்சலுக்காக வாய்க்கால் கரையோரம் ஆறு கிலோமீட்டர் போய், 'வேண்டாம்பா, வீட்டுக்காரர் திட்டுறாரு' என்று சொல்லிவிட்டால் அந்தப் பெட்ரோல் நம் கணக்கு. கொடுக்காத பார்சலுக்குக் கூலி இல்லை.

முகவரி என்று ஒன்று இருக்காது. கதவு எண் இருக்கும், அது பஞ்சாயத்தில் பழைய எண்ணா புது எண்ணா தெரியாது. 'பிள்ளையார் கோயில் பின்னாடி, மோட்டார் ரூம் பக்கம்' என்று இருக்கும். ஊரில் டீக்கடைக்காரர் ஒருவர் எல்லோரையும் தெரிந்தவராக இருப்பார். அவர் இல்லையென்றால் அந்த ஊரில் எனக்கு வேலையே ஓடியிருக்காது. வயலுக்குப் போனவர்களின் பார்சலை வாங்கி வைத்துக்கொள்வார், காசு கூடக் கொடுத்து அனுப்புவார், சாயந்தரம் அவர்களிடம் வாங்கிக்கொள்வார். அவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது.

அப்புறம் காசு. பையில் இருபதாயிரம், முப்பதாயிரம் ரொக்கத்தோடு ராத்திரி திரும்புவோம். ஹப்பில் எண்ணும்போது குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பு. கள்ள நோட்டு வந்தால் அதுவும் நம் தலையில். 347 ரூபாய்ப் பார்சலுக்கு ஐந்நூறு ரூபாய் நீட்டுவார்கள், சில்லறைக்கு எங்கே போவது? இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது யு.பி.ஐ.தான். அதை மனசாரச் சொல்வேன். வாசலில் கியூ.ஆர். காட்டினால் பாட்டி கூடப் பேரனைக் கூப்பிட்டு ஸ்கேன் பண்ணச் சொல்லும். ஆனால் ஒன்று கவனியுங்கள், அப்போதும் முன்பணம் கட்ட மாட்டார்கள். பார்சலைக் கையில் வாங்கிய பிறகுதான் ஸ்கேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

பார்சல் வண்டி தம்பி, கடைசியில் சொன்னது முக்கியமானது. ரொக்கத்தில் இருந்து டிஜிட்டலுக்கு மாறினால் கேஷ் ஆன் டெலிவரி தானாகக் குறையும் என்று பலர் நினைத்தார்கள். நம் ஊரில் 'கேஷ்' போய் 'ஆன் டெலிவரி' மட்டும் மிஞ்சிவிட்டது! பயம் பணத்தின் வடிவத்தில் இல்லை, பொருளைப் பார்க்காமல் கொடுப்பதில்தான் இருந்தது.

கொடுக்காத பார்சலுக்குக் கூலி இல்லை என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கதவைத் திறக்காமல் 'வேண்டாம்' என்று சொல்வதில் இவ்வளவு இருக்கிறது என்று வாங்குகிற யாருக்கும் தெரியாது.

---

ரீசார்ஜ் கடை எழுதியது:

செல்போன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் எஸ்.டி.டி. பூத், பிறகு ரீசார்ஜ், பிறகு போன் விற்பனை.

2014 வாக்கில் சில புது மாடல்கள் ஆன்லைனில் மட்டும் என்று வந்தன. பையன்கள் கடைக்கு வந்து அதைக் கேட்பார்கள். என்னிடம் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரிடமும் இல்லை, எங்குமே கிடையாது. விலையில் தோற்றால் என் சாமர்த்தியக் குறைவு என்று ஏற்றுக்கொள்வேன். விற்கவே சரக்கு தராமல் தோற்கடித்ததைத்தான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் 'எங்களிடம் மட்டும்தான் விற்க வேண்டும்' என்று எந்த விற்பனையாளரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் என் பக்கத்தில் இரண்டு கடைகள் மூடியாயிற்று.

நான் தாக்குப்பிடித்தது சர்வீஸால். ஆன்லைனில் வாங்கிய போனும் உடையத்தானே செய்யும்? டிஸ்பிளே மாற்ற, பேட்டரி மாற்ற, பெரியவர்களுக்கு ஆப் போட்டுக் கொடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். ஆர்டர் போட்டுத் தரச் சொல்லியும் வருவார்கள். என் வியாபாரத்தை எடுத்துக்கொண்ட கடையில் அவர்களுக்கு ஆர்டர் போட்டுக் கொடுக்கிறேன், அவர்களும் நம் ஜனங்கள்தானே.

பொருநைக்கரை சார், உங்கள் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கடையில் வாங்கிய சார்ஜர் ஓடவில்லை என்றால் மறுநாள் வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். அந்த ரிட்டர்னுக்கு லாரி வேண்டாம், வீடியோ வேண்டாம். நான் முகத்தைப் பார்த்தே உண்மையா பொய்யா என்று சொல்லிவிடுவேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பவன். நூல்கண்டு, மல்லிகைப்பந்தல் இருவர் பதிவையும் படித்ததும் ஒன்று தோன்றியது. ரிட்டர்ன் குறைவாக இருக்கும் சின்ன வியாபாரிகள்தான் பெரிய தளங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். அதற்குச் சட்டமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் பொருள் விற்கும் சாதாரண கடைக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. ஆனால் 2017-இல் இருந்து 2023 வரை ஆன்லைன் தளத்தில் விற்பவருக்கு அந்த விலக்கு இல்லாமல் இருந்தது. ஒரே ஒரு ஊறுகாய் பாட்டில் விற்றாலும் பதிவு வேண்டியிருந்தது, மாதாமாதமோ காலாண்டுக்கோ வரிக் கணக்குத் தாக்கல் வேண்டியிருந்தது. வீட்டில் பொடி இடித்து விற்கிற அம்மா என்னிடம் வந்து கேட்டால், தளத்தில் கிடைக்கும் லாபத்தை என் கட்டணத்துக்கே கொடுக்க வேண்டியிருக்கும், வாட்ஸ்அப்பிலேயே விற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் அப்போதெல்லாம் சொல்லி அனுப்புவேன்.

2023 அக்டோபர் 1 முதல் இதைத் தளர்த்தினார்கள். விற்பனை வரம்புக்குள் இருந்தால் பதிவு இல்லாமலே தளங்களில் விற்கலாம். பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். நல்ல விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை: சொந்த மாநிலத்துக்குள் மட்டும். கடலூரில் இருப்பவர் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பக் கூடாது. ஓசூர்க்காரர் திருச்செந்தூருக்கு விற்கலாம், நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு விற்க முடியாது. நாடு முழுவதும் ஒரே சந்தை என்று சொல்லிக்கொண்டு வந்த வரியில் சிறியவர்களுக்கு மட்டும் எல்லைக்கோடு ஏன்? இதை மாற்ற வேண்டும் என்று எங்கள் மாதிரி ஆட்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

---

பொருநைக்கரை எழுதியது:

கேட்டதற்கு மேலேயே பதில் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. வாங்குபவருக்குச் சட்டம் இருக்கிறது: புகார் போட்டால் 48 மணி நேரத்தில் தளத்தின் குறைதீர் அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915-க்குப் போன் பண்ணலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டெலிவரி செய்பவர்களுக்கு 2023-இல் தமிழக அரசு நல வாரியம் அறிவித்தது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தளங்கள் தங்கள் வருட விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. தாமதம்தான், ஆனாலும் ஒரு தொடக்கம்.

நூல்கண்டு மாதிரி சிறு உற்பத்தியாளருக்கு இப்படி எதுவும் கண்ணில் படவில்லை. காரணம் இல்லாத ரிட்டர்னின் செலவைத் தளமும் பங்கிட வேண்டும். 'இலவச ரிட்டர்ன்' என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்ப்பது அவர்கள்தானே? போய்த் திரும்பும் பயணத்துக்கு டெலிவரி தம்பிக்குப் பாதிக் கூலியாவது கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் யார் எதிர்த்தாலும் நான் விட மாட்டேன்.

---

கம்பம் காற்று எழுதியது:

பங்கிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் அதுவும் எங்கள் பில்லில்தான் 'பிளாட்ஃபாரம் கட்டணம்' என்று வந்து நிற்கும் பாருங்கள். இப்போதே அப்படி ஒன்று பிடிக்கிறார்கள்.

---

ரீசார்ஜ் கடை எழுதியது:

வரட்டும் தம்பி. பில்லில் எழுதி வாங்கினால் கண்ணுக்காவது தெரியும். இப்போது துணியை மெலிதாக்கி வாங்குகிறார்கள்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், எனக்கு ஒரு சந்தேகம். நான் எந்தத் தளத்திலும் இல்லை, வாட்ஸ்அப் மட்டும்தான். வருட விற்பனை நாற்பது லட்சத்துக்குக் கிட்டவே போகாது. ஆனால் புதுச்சேரியில் இரண்டு பேரும் பெங்களூரில் ஒருவரும் சேலை கேட்கிறார்கள். அனுப்பலாமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் வரை உங்களுக்குப் பதிவு தேவையில்லை அம்மா. வெளி மாநிலத்துக்கு ஒரு சேலை அனுப்பினாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். வாட்ஸ்அப்பா தளமா என்பது அதில் கணக்கில்லை. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்குப் பட்டியல் இருக்கிறது. விசைத்தறிச் சேலைக்கு அது உதவாது. வெளியூர் வாடிக்கை தொடர்ந்து வரும் போல இருந்தால் பதிவு செய்துவிடுங்கள். நெசவாளரிடம் வாங்கும்போது கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி கிடைக்கும். தனி மடலில் கேளுங்கள், கட்டணம் இல்லாமல் சொல்கிறேன்.

---

நூல்கண்டு எழுதியது:

மல்லிகை அக்கா, நீங்கள் தளத்துக்கு வருவதாக இருந்தால் எங்கள் அனுபவத்தில் பலன் தந்த இரண்டைச் சொல்கிறேன். படத்தை ஸ்டூடியோ விளக்கில் எடுக்காமல் காலை வெயிலில் வாசலில் வைத்து எடுங்கள். கலர் மாறிவிட்டது என்ற ரிட்டர்ன் பாதியாவது குறையும். தைத்த துணி விற்றால் எஸ், எம், எல் என்று மட்டும் போடாமல் மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் இஞ்ச் கணக்கில், தமிழில், படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். கீழே விவரத்தில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. நாங்கள் அப்படிச் செய்த பிறகு நைட்டியில் 'அளவு பொருந்தவில்லை' என்று வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.